கண் பார்த்தால் கை செய்யுமா? விழி, கை இயக்கத் திட்டமிடலும் ‘கவனக்குறைவு’ என்னும் சொல்லும்: அச்சங்குளம் வட்டாரப் பட்டாசுத் தொழிலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பட்டாசு ஆலை விபத்துகளைப் பற்றிய தமிழ் வழக்கில் ‘கவனக்குறைவு’ என்னும் சொல், தொழிலாளியின் மனப்பிசகையும் பொறுப்பாளரின் கடமைத் தவறையும் ஒருசேரக் குறித்து நிற்கிறது. விழி, கை ஆகியவற்றின் இயக்கங்களை மனித மூளை எவ்வாறு திட்டமிடுகிறது என்பது பற்றிய ஆய்வுகள், குறிப்பாகப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆதித்ய மூர்த்தி குழுவினர் 2015 முதல் 2017 வரை வெளியிட்டவை, இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது நிலை ஒன்றைப் புலப்படுத்துகின்றன. முழுக் கவனத்துடன் தொடங்கிய இயக்கமும் ஓர் எல்லையைக் கடந்தபின் மீட்க இயலாததாகிறது. இவ்வுண்மையின் வெளிச்சத்தில் விபத்து மொழியின் சொல்லாட்சியை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: விழித்தாவல், ஏவுகட்டம், கைப்பிசகு, கவனக்குறைவு, வினைமுதல், அச்சங்குளம்.

முன்னுரை

விருதுநகர் மாவட்டம் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இயங்கிவந்த பட்டாசு ஆலை ஒன்றில் 2021 பிப்ரவரி 12 அன்று பிற்பகலில் வெடிவிபத்து நேர்ந்தது. 19 பேருக்கு மேல் உயிரிழந்தனர். பட்டாசுக்கான வேதிப்பொருள்களைக் கலக்கும் வேளையில் வெடிப்பு தொடங்கியதாக அன்றைய செய்திகள் கூறின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்நிகழ்வைத் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அவ்விபத்தின் காரணம் குறித்துத் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது உரிய அமைப்புகளின் பணி. இத்தகைய விபத்துகளைத் தமிழ் எந்தச் சொற்களால் விளக்குகிறது என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் பொருள்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் நேரும் விபத்துகளைப் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து வாசிப்போர்க்கு இரண்டு தொடர்கள் மனப்பாடமாகியிருக்கும். ஒன்று, ‘உராய்வு ஏற்பட்டு வெடித்தது’ என்பது. மற்றொன்று, ‘கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது’ என்பது. முன்னது பொருளின் தன்மையைச் சொல்கிறது; பின்னது மனத்தின் நிலையைச் சொல்கிறது. மருந்துக்கும் மனத்துக்கும் நடுவே கை இருக்கிறது. அந்தக் கை எப்படிப் புறப்பட்டது, எந்த வேகத்தில் சென்றது, அப்போது கண் எங்கிருந்தது என்பனவற்றைச் சொல்ல இத்தொடர்கள் இரண்டிலும் இடமில்லை. ‘கண் பார்த்தால் கை செய்யும்’ என்னும் பழமொழி நாவில் புழங்கும் மொழியில் இந்த இடைவெளி இருப்பது எண்ணத்தக்கது.

ஒரு சொல், இரு பொருள்

‘கவனக்குறைவு’ என்னும் சொல் பொதுவழக்கில் மனத்தை ஒன்றில் நிறுத்தத் தவறுவதைக் குறிக்கிறது. சட்டத் தமிழிலோ அதற்குப் பொருள் வேறு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304அ பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவும் கூறும் குற்றம் தமிழில் பெரும்பாலும் ‘கவனக்குறைவால் மரணம் விளைவித்தல்’ என்றே வழங்குகிறது. அங்கே குறிக்கப்படுவது, ஒருவர் தம் கடமைக்குரிய முன்னெச்சரிக்கையைக் கைக்கொள்ளாமை. அவர் அந்த நொடியில் எதை நோக்கிக்கொண்டிருந்தார் என்பது அங்கு முதன்மையான வினா அன்று. ஆலைக்கு வராமல் வீட்டிலிருந்த உரிமையாளரும் இப்பொருளில் கவனக்குறைவு உடையவராகலாம்.

ஒரே சொல் இரு பொருளிலும் வழங்குவதால் நேரும் குழப்பம் சிறியதன்று. ‘கவனக்குறைவே காரணம்’ என்று ஒரு செய்தி முடியும்போது, வாசகர் மனம் இயல்பாகவே மருந்துத் தட்டின் முன் அமர்ந்திருந்தவரை நோக்கித் திரும்புகிறது. பல வேளைகளில் அவர் மறுமொழி சொல்ல உயிருடன் இருப்பதில்லை.

பேச்சுத்தமிழ் இவ்வகையில் எழுத்துத்தமிழைவிட நுட்பமானது. ‘கை தவறி விழுந்துவிட்டது’ என்னும் தொடரில் தவறுதலின் எழுவாய் கை, பேசுபவர் அன்று. ‘கவனிக்காமல் போட்டுவிட்டான்’ என்பதில் எழுவாய் ஆள். முன்னது தன்வினையாலும் பின்னது ஆளைச் சார்த்தியும் அமைகின்றன. ‘கைப்பிசகு’ என்னும் சொல்லும் இவ்வேறுபாட்டையே காக்கிறது. மக்கள் வழக்கில் உள்ள இவ்வேறுபாடு வெறும் சமாதானமா, அன்றி உடலியக்கத்தில் அதற்கு அடிப்படை உண்டா என்பதை அறிய, இயக்கத் திட்டமிடல் பற்றிய ஆய்வுகளை நோக்க வேண்டும்.

கண்ணும் ஒரு தொழிற்பொறி

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கும்போது கண்ணை நான்காம் அறிவுக்குரியதாக வைக்கிறது. சைவ சித்தாந்தத் தத்துவப் பகுப்பில் கண் ஞானேந்திரியம், கை கன்மேந்திரியம். ஒன்று அறிவது, மற்றொன்று செய்வது. இரண்டையும் மனம் முதலிய அந்தக்கரணங்கள் இணைக்கின்றன. பகுப்பு தெளிவானதே. எனினும் கண்ணைப் பொறுத்தவரை அது பாதியுண்மையே ஆகும். கண் அறிவதற்கு முதலில் செயல்பட வேண்டியிருக்கிறது.

விழித்திரையில் நுண்மையாகப் பார்க்கவல்ல பகுதி மிகச் சிறியது. கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பார்த்தால், அதன் நகம் மறைக்கும் பரப்பே ஒரு நேரத்தில் தெளிவாகத் தெரியும் பரப்பு. ஆகவே விழி ஓயாது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவ வேண்டியுள்ளது. நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை நிகழும் இத்தாவலைப் பிரெஞ்சுச் சொல்லைக் கொண்டு ‘சக்கேடு’ என்பர். வெட்டி இழுத்தல் என்பது அச்சொல்லின் பொருள். இக்கட்டுரை அதனை ‘விழித்தாவல்’ என்று வழங்குகிறது. ஒரு தாவல் சில பத்து மில்லிநொடிகளில் முடிந்துவிடுகிறது. தாவும்போது நாம் ஏறக்குறையப் பார்வையற்றவர்கள். தாவல்களுக்கிடையே விழி நிலைத்திருக்கும் குறுகிய பொழுதுகளில்தான் காட்சி கிடைக்கிறது.

ஓர் இலக்கு தோன்றியபின் விழி தாவத் தொடங்க ஏறத்தாழ 200 மில்லிநொடி ஆகிறது. ஒளிக்குறிப்பு நரம்புவழி மூளைக்குச் சென்று, கட்டளை விழித்தசைக்கு வந்து சேர இவ்வளவு காலம் தேவையில்லை. எஞ்சிய பொழுதில் மூளை என்ன செய்கிறது என்னும் வினாவைக் கேம்பிரிட்ஜின் ரோஜர் கார்ப்பென்டர் எழுப்பினார். அவர் தந்த விடையைச் சுருக்கமாகக் கூறலாம். ‘அங்கே செல்’ என்னும் முடிவுக்கான நரம்புத் துடிப்பு ஒரு கலத்தில் நீர் நிறைவதுபோலச் சிறிது சிறிதாகத் திரள்கிறது; விளிம்பைத் தொட்டதும் இயக்கம் புறப்படுகிறது. திரளும் வேகம் முறைக்கு முறை மாறுவதால் புறப்படும் நேரமும் மாறுகிறது. 1996இல் ஹேன்ஸ், ஷால் இருவரும் குரங்குகளின் நுதல்மடலில் உள்ள விழிப்புல நரம்பணுக்களைப் பதிவுசெய்தபோது, இக்கருத்துக்கு நேரடிச் சான்று கிடைத்தது. துடிப்பின் ஏற்றம் விரைவாகவோ மெதுவாகவோ அமைந்தாலும், அது குறிப்பிட்ட உயரத்தை எட்டிய பின்னரே விழி தாவியது.

கைக்கு வழி வகுத்தல்

கையின் சிக்கல் விழியினும் பெரிது. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் எனப் பல மூட்டுகள் இருப்பதால், மேசையிலுள்ள ஒரு குவளையை எடுக்க எண்ணற்ற வழிகள் உள்ளன. மூளை அவற்றுள் ஒன்றைத் தேர்கிறது. 1981இல் மொராசோ காட்டியபடி, மூட்டுகள் எப்படித் திரும்பினாலும் கை ஏறத்தாழ நேர்க்கோட்டிலேயே செல்கிறது. அதன் வேகம் மணியின் வடிவம்போல் ஏறி இறங்குகிறது. குலுக்கலைக் குறைந்த அளவில் வைக்கும் பாதை இதுவே என 1985இல் ஃபிளாஷ், ஹோகன் இருவரும் கணிதமுறையில் விளக்கினர். திசையைப் பொறுத்தவரை, இயக்கப் புறணியின் தனியொரு நரம்பணு கட்டளையிடுவதில்லை என்பதையும், பல அணுக்கள் தத்தம் விருப்பத் திசைக்கு வாக்களிக்க அவற்றின் கூட்டுத்தொகையே கையின் திசையாகிறது என்பதையும் 1980களில் ஜியார்ஜோபூலஸ் நிறுவினார்.

இவ்வாய்வுகளினும் அச்சங்குளத்துக்கு அண்மையது 1920களின் மாஸ்கோ ஆய்வு ஒன்று. மையத் தொழிலாய்வு நிறுவனத்தில் நிகொலாய் பெர்ன்ஸ்டைன், உளியைச் சுத்தியலால் அடிக்கும் கைதேர்ந்த தொழிலாளர்களின் கைகளில் சிறு விளக்குகளைப் பொருத்திப் படமெடுத்தார். ஆண்டுக்கணக்கில் அதே வேலையைச் செய்தவரின் கை அதே பாதையில் செல்லும் என்பதே எதிர்பார்ப்பு. படங்கள் வேறொன்றைக் காட்டின. எந்த இரு வீச்சும் ஒன்றுபோல் அமையவில்லை. மூட்டுகளின் பாதைகள் முறைக்கு முறை வேறுபட, சுத்தியலின் முனை மட்டும் உளியில் சரியாக விழுந்தது. திறன் என்பது ஒரே அசைவைத் திரும்பச் செய்வதன்று. ஒரே சிக்கலுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக விடை காண்பது. ‘கைப்பழக்கம்’ என்று தமிழில் சொல்லும்போது நாம் எண்ணுவது பெரும்பாலும் இதற்கு மறுதலையானது. பழகிய கை எந்திரம்போல் ஆகிவிடும் என எண்ணுகிறோம். கை எந்திரமாவதில்லை. ஒவ்வொரு அசைவிலும் ஒரு சிதறல் எஞ்சியிருக்கிறது. பயிற்சி அச்சிதறலைக் குறைக்கிறது, ஒழிப்பதில்லை.

முன்னே செல்லும் விழி

பழமொழியில் கண் முதலிலும் கை பின்னும் வருகின்றன. இவ்வரிசை அளந்தறியப்பட்ட உண்மை. 1999இல் மைக்கேல் லேண்டும் உடனாய்வாளர்களும் சமையலறையில் தேநீர் தயாரிப்போரின் விழியசைவுகளைப் பதிவுசெய்தனர். கெண்டியைத் தொடும் முன் ஏறத்தாழ அரை நொடிக்கு முன்பே விழி கெண்டியை அடைந்துவிடுகிறது. இதைப் பலரும் எதிர்பார்த்திருக்கலாம். அவ்வளவாக எதிர்பார்க்கப்படாதது மற்றொன்று: கை தன் வேலையை முடிக்கும் முன்பே, மீண்டும் ஏறத்தாழ அரை நொடிக்கு முன்னதாக, விழி அதைவிட்டு அடுத்த பொருளுக்குச் சென்றுவிடுகிறது. கெண்டியின் மூடி மூடப்படும்போது விழி குவளையின்மேல் இருக்கிறது. செயலின் கடைசிப் பகுதியைக் கை, தொடுவுணர்வைத் துணைகொண்டு தனியே முடிக்கிறது.

2001இல் ஸ்வீடனின் ரோலண்ட் யோஹான்சன் குழுவினர் கோல் ஒன்றை எடுத்து நகர்த்தும் செயலை ஆராய்ந்தபோது இது மேலும் தெளிவாயிற்று. விழி பிடிக்க வேண்டிய இடத்தை, தவிர்க்க வேண்டிய தடையை, சேர வேண்டிய இலக்கைப் பார்க்கிறது. நகரும் கையை அது ஏறக்குறையப் பார்ப்பதே இல்லை. ‘கையைப் பார்த்து வேலை செய்’ என்னும் அறிவுரை, திறன்மிக்க கை வேலை செய்யும் முறைக்கே மாறானது.

ஆயினும் விழி எப்போதும் கட்டற்று முன்னோடுவதில்லை. துல்லியமாகச் சுட்டவேண்டிய வேளையில், விரல் இலக்கை அடையும்வரை விழி அவ்விலக்கிலேயே கட்டுண்டு நிற்பதை 2000இல் நெக்கர்ஸ், பெக்கரிங் இருவரும் காட்டினர். வேறிடத்துக்குப் பார் என்று குறிப்புத் தந்தாலும் விழியால் உடனே புறப்பட இயலவில்லை. ஒரே கூலியாள் ஒரே நாளில் இவ்விரு நிலைகளிலும் வேலை செய்கிறார் எனலாம். நுண்மை வேண்டிய இடத்தில் விழி காத்திருக்கிறது. அதே வேலை ஆயிரமாவது முறை நிகழ்ந்து, விரைவும் வேண்டப்படும்போது விழி முன்னோடுகிறது.

மீட்க இயலாத கட்டம்

கண்ணும் கையும் சேர்ந்தியங்கும்போது மூளையில் இரண்டு திட்டங்கள் உருவாகின்றனவா, ஒன்றுதானா? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பியல் மையத்தில் ஆதித்ய மூர்த்தியும் அவர்தம் மாணவர்களும் ஆராய்ந்தது இவ்வினாவையே. 2015இல் அதுல் கோபால், பூஜா விஸ்வநாதன், மூர்த்தி மூவரும் வெளியிட்ட கட்டுரையின் தருக்கம் எளிமையும் அழகும் உடையது. முடிவுத் துடிப்பு திரள்வதற்கு ஆகும் சராசரி நேரம் கூடக்கூட, முறைக்கு முறை அந்நேரம் வேறுபடும் அளவும் கூட வேண்டும். கை விழியினும் தாமதமாகவே புறப்படுகிறது. ஆகவே கைக்கெனத் தனித் திரளல் இருக்குமாயின், அதன் புறப்பாட்டு நேரங்கள் விழியின் நேரங்களைவிடப் பரவலாகச் சிதறிக் கிடக்க வேண்டும். கையை மட்டும் தனியே இயக்கச் சொன்னபோது அவ்வாறே சிதறிக் கிடந்தன. இரண்டையும் சேர்த்து இயக்கச் சொன்னபோதோ, கை தாமதமாகவே புறப்பட்டும் அதன் சிதறல் விழியின் சிதறலை ஒத்திருந்தது. தோள்தசையின் மின்துடிப்பையும் உடன் பதிவுசெய்து அவர்கள் கண்ட முடிவு இது: திரளல் ஒன்றே, அது விளிம்பைத் தொட்டபின் விழிக்கும் கைக்கும் தனித்தனித் தாமதங்கள் சேர்கின்றன. கண்ணும் கையும் ஒரே கட்டளையின் இரு நிறைவேற்றங்கள்.

‘கண் பார்த்தால் கை செய்யும்’ என்பதன் ‘ஆல்’ ஈறு காரணப் பொருளது என்று கொண்டால், கண்ணின் செயல் கையின் செயலுக்குக் காரணமாகிறது. மேற்கண்ட ஆய்வின்படி இரண்டுக்கும் பொதுக் காரணம் ஒன்று பின்னே இருக்கிறது. கண் விரைவாகச் செயற்படுவதால் முன்னே தெரிகிறது, அவ்வளவே. இப்பிணைப்பு எல்லாச் சூழலிலும் இறுக்கமாக இருப்பதில்லை. வேலையின் தன்மைக்கேற்ப மூளை ஒன்றான திரளலையோ தனித்தனித் திரளல்களையோ கைக்கொள்கிறது என்பதை 2017இல் சுமிதாஷ் ஜனாவும் உடனாய்வாளர்களும் காட்டினர்.

இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருக்கமானது 2016இல் அதுல் கோபாலும் மூர்த்தியும் வெளியிட்ட ஆய்வு. பங்கேற்பாளர் ஓர் இலக்கை நோக்கி விழியையும் கையையும் செலுத்தத் தயாராகிறார். சில முறைகளில் மட்டும், அவர் புறப்படும் தறுவாயில் இலக்கு இடம்மாறுகிறது. பழைய திட்டத்தைக் கைவிட்டுப் புதிய இடத்துக்குச் செல்ல வேண்டும். இதனை விளக்க 1984இல் லோகன், கோவன் இருவரும் வகுத்த ஓட்டப்பந்தயக் கருத்தை அவர்கள் பயன்படுத்தினர். ‘செல்’ என்னும் துடிப்பும் ‘நில்’ என்னும் துடிப்பும் ஒரே விளிம்பை நோக்கி ஓடுகின்றன. முந்துவது வெல்லும். ‘நில்’ எவ்வளவு உறுதியாகச் சொல்லப்பட்டாலும், காலந்தாழ்ந்து புறப்பட்டால் தோற்கும்.

விழியைத் தனியாகவும் கையைத் தனியாகவும் சோதித்தபோது, திட்டத்தை மாற்ற ஆகும் நேரம் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறாக இருந்தது. சேர்ந்தியங்கியபோது இரண்டும் ஒரே ‘நில்’ கட்டளைக்கு உட்பட்டன. ஆனால் அக்கணக்கு பொருந்த வேண்டுமாயின், சராசரியாக ஏறத்தாழ 40 மில்லிநொடி அளவிலான ஒரு கட்டத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அக்கட்டத்துக்குள் நுழைந்த இயக்கத்தை எக்கட்டளையாலும் திருப்ப இயலாது. வில்லைவிட்ட அம்புக்குரிய இத்தன்மையால் அதனை ‘ஏவுகட்டம்’ எனலாம். ‘எறிநிலை’ என்னும் சொல்லும் பொருந்துமெனினும், எறிதல் கையின் ஒரு செயலையே குறிப்பதால் மயக்கம் தரும். சிலரிடம் விழி திசைமாறியும் கை பழைய இலக்கை நோக்கிச் சென்றது, அல்லது கை நின்றும் விழி சென்றது. இத்தகைய பிரிவுகள் அவரவர் ஏவுகட்டத்தின் அளவோடு ஒத்துப்போயின. விழியை மட்டும் நிறுத்து, கையை விட்டுவிடு என்று வெளிப்படையாகச் சொல்லியும், ஒன்றை நிறுத்துவது மற்றதைப் பெரிதும் பாதித்தது.

பங்கேற்பாளர்கள் கவனமற்று இருக்கவில்லை. அவர்களிடம் கேட்கப்பட்டதே கவனந்தான். வேறு வேலை அவர்களுக்கு இல்லை. மருந்து இல்லை, வெயில் இல்லை, கூலிக் கணக்கு இல்லை. இருந்தும் குறித்த முறைகளில் கை நிற்கவில்லை. நிறுத்தத் தவறிய முறைகள் இவ்வகைச் சோதனையின் பிழைகள் அல்ல. அவற்றைக் கொண்டுதான் நிறுத்த ஆகும் நேரமே கணிக்கப்படுகிறது.

மருந்து அறையில்

விருதுநகர் வட்டாரத்தில் தீப்பெட்டி ஆலையைத் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்றும் பட்டாசு ஆலையைப் ‘பயர் ஆபீஸ்’ என்றும் சொல்வது வழக்கம். ஆபீஸ் என்று பெயர் இருப்பினும் அங்கே நடப்பது பெரும்பாலும் கைவேலை: மருந்து கலத்தல், சலித்தல், குழாய்களில் அடைத்தல், திரி வைத்தல், சரம் பின்னுதல், பெட்டியிடுதல். கூலி பெரும்பாலும் எண்ணிக்கைக் கணக்கில் அமைவதால், அதனைப் ‘பீஸ் ரேட்’ என்பர். ஒரு நாளில் ஒரே அசைவு நூற்றுக்கணக்கில், சில வேலைகளில் ஆயிரக்கணக்கில் மீள்கிறது.

ஆய்வக முடிவுகளை இங்கு அப்படியே பெயர்த்து வைத்தல் தகாது. சோதனையில் ஒரு கை ஒரு புள்ளியைச் சுட்டுகிறது. மருந்து அறையில் இரு கைகள் ஒரு தட்டைப் பகிர்கின்றன. எனினும் மூன்று செய்திகள் தயக்கமின்றிப் பொருந்துவன.

விரைவுக்கும் துல்லியத்துக்கும் உள்ள விலைமதிப்பு முதலாவது. 1899இலேயே வுட்வொர்த், கையசைவு விரைவாகும்போது அதன் பிழை பெருகுவதையும், கண்ணை மூடிச்செய்யும் அசைவுக்கும் திறந்து செய்யும் அசைவுக்கும் இடையிலான வேறுபாடு விரைவில் மறைந்துபோவதையும் அளந்து காட்டினார். திருத்துவதற்குக் காலம் இல்லாதபோது கண் திறந்திருந்தும் பயனில்லை. 1954இல் பால் ஃபிட்ஸ் இதனை விதியாக்கினார். தொலைவு இருமடங்கானாலும் சரி, இலக்கின் அகலம் பாதியானாலும் சரி, கைக்கு வேண்டிய கூடுதல் நேரம் ஒன்றே. எனவே துல்லியத்தைக் குறைக்காமல் நேரத்தை மட்டும் குறைக்கச் சொல்லும் எந்தக் கூலிமுறையும், இவ்விதிப்படி, சிதறலை விலைக்கு வாங்குகிறது. தீபாவளிக்கு முன்னான மாதங்களில் அவ்விலை எவ்வளவு என்பதை ஆலைக் கணக்கேடுகள் எழுதிவைப்பதில்லை.

இரண்டாவது, எண்ணிக்கை. பெர்ன்ஸ்டைனின் தொழிலாளர்களிடம் கண்ட சிதறல் எக்கையிலும் உண்டு. பத்து முறை செய்யும்போது தென்படாத ஓரச் சிதறல், பத்தாயிரம் முறை செய்யும்போது வந்தே தீரும். நாள்தோறும் நல்லபடி நடந்தது என்பது சிதறல் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

மூன்றாவது, காலம். தவறு நேர்வதைக் கண்டபின் கையை நிறுத்த ஏறத்தாழ ஒரு நொடியின் ஐந்திலொரு பங்கு வேண்டும். அலுமினியத் தூள், கந்தகம், வெடியுப்பு ஆகியவை சேர்ந்த ஒளிக்கலவை உராய்வால் பற்றிக்கொள்ளுமாயின், பற்றுதலுக்கும் வெடித்தலுக்கும் இடைப்பட்ட பொழுது அதனினும் பன்மடங்கு சிறியது. தொடக்கத்தில் ‘நில்’ என்னும் கட்டளை பிறப்பதற்கே இடமில்லை. இவ்விடத்தில் ‘கவனமாக இருந்திருக்கலாம்’ என்னும் கூற்று இலக்கணப்படி பிழையற்றது, உடலியல்படி பொருளற்றது.

வெடிபொருள் விதிகளை வகுத்தோர் இதனை அறிந்தேயிருந்தனர் எனத் தோன்றுகிறது. 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் ஓரிடத்தில் வைத்திருக்கக்கூடிய மருந்தின் அளவையும், கட்டடங்களுக்கிடையே விடவேண்டிய பாதுகாப்பு இடைவெளியையும், ஓர் அறையில் வேலை செய்வோர் எண்ணிக்கையையும் வரையறுக்கின்றன. தீப்பொறி எழுப்பாத கருவிகளையே பயன்படுத்த வேண்டும் என்பதும் நெடுங்கால நெறி. இவையெல்லாம் கை பிசகும் என்னும் அடிப்படையில் எழுந்தவை. கை பிசகாது என்று நம்பியிருந்தால் அறைக்கும் அறைக்கும் இடைவெளி எதற்கு? விதி கையை நம்பவில்லை. விபத்து நேர்ந்தபின் எழுதப்படும் தமிழ் மட்டும், கை பிசகியிருக்கவே கூடாது என்று தொடங்குகிறது.

எட்டில் ஒன்று

தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் ஒரு தொழில் நிகழ்வதற்குரிய முதனிலைகளை எட்டாக வகுக்கிறார். வினை, வினைமுதல், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, எவர்க்காக, என்ன பயனுக்காக என்பன அவை. வேற்றுமைப் பொருளை விளக்க எழுந்த இப்பகுப்பை விபத்து மொழியின்மீது வைத்துப் பார்த்தல் பயன்தரும். ‘தொழிலாளியின் கவனக்குறைவால் உராய்வு ஏற்பட்டு வெடித்தது’ என்னும் வாக்கியத்தில் வினை உண்டு, வினைமுதல் உண்டு. செயப்படுபொருளாகிய மருந்து வாக்கியத்திலேயே இல்லை. வெடித்தது எது என்பது வாசகர் அறிவுக்கு விடப்படுகிறது. நிலம், காலம், கருவி, ஏனைய இரண்டு எதுவுமில்லை. எட்டில் இரண்டைக்கொண்டு ஒரு தொழில் சொல்லி முடிக்கப்படுகிறது.

கைப்பிசகு, கவனச்சிதறல், கடமைத் தவறு என்னும் மூன்று சொற்களும் தமிழில் உள்ளன. புதிதாக ஆக்க வேண்டியதில்லை. ‘கைப்பிசகு’ ஏவுகட்டத்துக்கும் இயல்பான சிதறலுக்கும் உரியது. ஆள்மீது குற்றம் சாராதது. ‘கவனச்சிதறல்’ பார்க்கவேண்டியதைப் பாராது வேறொன்றில் மனம் சென்ற நிலைக்கு உரியது. அதற்குச் சான்று வேண்டும், ஊகம் போதாது. ‘கடமைத் தவறு’ விதிப்படி இருக்கவேண்டியது இல்லாமற்போனதற்கு உரியது. சட்டப் பிரிவின் தமிழாக்கத்திலும் ‘கவனக்குறைவு’ நிற்கும் இடத்தில் இச்சொல்லே நிற்கத் தக்கது. நீதிமன்றத் தமிழில் ஊன்றிவிட்ட ஒரு சொல்லை மாற்றுவது எளிதன்று என்னும் மறுப்பு எழலாம். உண்மையே. ஆனால் செய்தியாளரும் விசாரணைக் குறிப்பெழுதுவோரும் சட்டச் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர்.

மேற்காட்டிய வாக்கியத்தை முதனிலைகள் நோக்கி விரித்தால் இவ்வாறு அமையும்: மருந்து கலக்கும்போது கைப்பிசகு நேர்ந்து உராய்வு எழுந்தது, அப்போது அவ்வறையில் இருந்த மருந்து இவ்வளவு, இருந்த ஆட்கள் இத்தனை பேர், கையாண்ட கருவி இன்னது, அடுத்த அறை இத்தனை மீட்டர் தொலைவில் இருந்தது, அன்று முடிக்கவேண்டியிருந்த எண்ணிக்கை இவ்வளவு. முதல் தொடரைத் தவிர ஏனைய ஐந்தும் வெற்றிடங்கள். அவற்றை நிரப்பவேண்டியவர் தட்டின் முன் அமர்ந்திருந்தவர் அல்லர்.